படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவர்கள் முதல் மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் ஆகி அம்மாவையோ அப்பாவையோ வீட்டுக்குக் கூட்டிவந்து, கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மருந்துப் பையை மேஜையில் கொட்டி எது காலைக்கு எது ராத்திரிக்கு என்று பிரித்துக்கொண்டிருப்பீர்களே, அந்த முதல் நாளிலேயே இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்கு அப்போது யாரும் இதைச் சொல்லவில்லை. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன என் அம்மாவை மூன்றரை வருஷம் திருச்சியில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். எட்டாவது மாதத்தில் ஒரு நாள், ஊட்டும்போது வாயை இறுக மூடிக்கொண்டார் என்பதற்காக ரசம்சாதக் கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். அம்மாவால் எதுவும் சொல்ல முடியாது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் நான் ஒரு நாள்கூட சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கியிருக்கவில்லை என்பது பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் உடம்பு வேகமாகத் தேறும், ஆறு மாதத்துக்கு மேல் அந்த வேகம் குறைந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அது உண்மை. அதனால் அந்த மூன்று மாதமும் வீடே பம்பரமாகச் சுற்றுகிறது. பிசியோதெரபி, எண்ணெய், கஞ்சி, ராத்திரிக் கண்விழிப்பு என்று எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார். சிக்கல் என்னவென்றால் அந்த மூன்று மாதம் யார் செய்தாரோ அவர்தான் இனி எப்போதும் செய்பவர் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிடும், அப்புறம் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். பத்தாவது மாதத்தில் "என்னால் முடியவில்லை" என்று சொன்னால், "இவ்வளவு நாள் நல்லாத்தானே பார்த்துக்கிட்டே, இப்போ என்ன?" என்று கேட்பார்கள். அதனால்தான் எல்லைகளை முதல் மாதத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள் என்கிறேன்.

இதில் சுயநலம் எதுவும் இல்லை. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடல்நலம் குன்றிய கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதனால் மனச்சுமையும் பட்ட முதியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்தது. அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட இவர்கள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொள்பவர் விழுந்துவிட்டால் கட்டிலில் இருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் மூன்று நாள் எழுதுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து மூன்று நாள், இருபத்து நாலு மணி நேரமும் என்னென்ன செய்தீர்கள் என்று மணி போட்டு எழுதுங்கள். 5.10 டயப்பர் மாற்றினேன், 5.40 மாத்திரை, 6 மணிக்குக் கஞ்சி, ஊட்டி முடிக்க 50 நிமிடம், 11.30-க்கு ஒரு பக்கம் திருப்பினேன், 1.30-க்கு மறுபக்கம், இப்படி. ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்பதை மட்டும் விடாமல் குறியுங்கள். நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது குளித்தீர்கள் என்பதும் இருக்கட்டும்.

இது எதற்கு என்றால், "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் கேட்பவருக்கு அது புலம்பலாகத்தான் காதில் விழும். நோட்டைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும். என் அண்ணனுக்கு அந்த மூன்று பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பினேன், ஒரு மணி நேரம் கழித்து "ஊட்டவே அம்பது நிமிஷமாம்மா?" என்று போன் செய்தார். எட்டு மாதமாக அவருக்கு அது தெரியாது. நானும் சொன்னதில்லை.

தூக்கத்துக்குத்தான் முதல் கோடு

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க, தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். பகலில் சரி. ராத்திரியும் ஒரே ஆள் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்துகொண்டிருந்தால் இரண்டே வாரத்தில் அவர் தள்ளாடுவார், மாத்திரை மாற்றிக் கொடுப்பார், அடுப்பை அணைக்க மறப்பார்.

அதனால் ராத்திரியை இரண்டாக வெட்டுங்கள். 9 மணியிலிருந்து 2 மணி வரை ஒருவர், 2-லிருந்து 7 வரை இன்னொருவர். காலையில் வேலைக்குப் போகிறவர் முதல் பாதியை எடுத்துக்கொள்ளட்டும். தன் முறை இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும், அதே அறையில் கீழே பாய் போட்டுப் படுத்தால் அது தூக்கம் இல்லை, ஒவ்வொரு இருமலுக்கும் விழிப்பு வரும். மாற்றிக்கொள்ள வீட்டில் இன்னோர் ஆளே இல்லை என்றால், காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட்டை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ போட்டுவிட்டு, ராத்திரியில் எத்தனை மணிக்கொரு தரம் திருப்பினால் போதும் என்று டாக்டரையோ நர்ஸையோ கேளுங்கள். தோலின் நிலையைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், ஏர் பெட் இருந்தாலும் திருப்புவது அடியோடு நின்றுவிடாது. கரண்ட் போனால் சில பெட்கள் இறங்கிவிடும், வாங்கும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி பொத்தானை நோயாளியின் நல்ல கை எட்டும் இடத்தில் கட்டிவிடுங்கள். கூப்பிடுகிறாரோ கூப்பிடுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பதே பாதி அசதி. பெல் அடித்தால் போகலாம் என்று ஆனபிறகுதான் எனக்குச் சமையலறையில் கை நிதானமாக ஓடியது.

உடன்பிறந்தவர்களிடம் பேசுவது

"எதுவா இருந்தாலும் சொல்லு, நாங்க இருக்கோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் கேட்க வேண்டும், கேட்கிறவருக்கு ஒரு கூச்சம் வரும், கேட்காமலே விட்டுவிடுவீர்கள். உதவி என்று பேசுவதை நிறுத்திவிட்டுப் பொறுப்பாகப் பிரியுங்கள். இன்ன வேலை, இன்ன நாள், இன்ன நேரம்.

நான் கடைசியில் சொன்னது இதுதான்: "அண்ணா, மாசத்துல ரெண்டாவது, நாலாவது ஞாயிறு காலைல எட்டு மணிலேர்ந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் அம்மா உங்க பொறுப்பு. நான் வீட்லயே இருக்க மாட்டேன்." கடைசி வரி முக்கியம். வீட்டிலேயே இருந்தால் டயப்பர் எங்கே, டம்ளர் எங்கே என்று கேட்டுக்கேட்டு நீங்கள்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கும் தம்பி மருந்து முடிகிற தேதியைக் கணக்கு வைத்து ஆன்லைனில் ஆர்டர் போடலாம், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஓர் இடத்தில் சேர்த்து வைக்கலாம், உதவிக்கு வருபவரின் சம்பளத்தை ஏற்கலாம். இன்னொன்று, இதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அம்மா எப்படி இருக்கிறார் என்று பதில் சொல்கிற பொறுப்பை முழுசாக அவரிடம் தள்ளிவிடலாம். ஒரே விஷயத்தைப் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிக்கும்போது ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.

மாமியாரையோ மாமனாரையோ பார்த்துக்கொள்ளும் மருமகள்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கையிடம் பேசுவது உங்கள் வேலை இல்லை. நீங்கள் பேசினால் அது வேறு பேச்சாக மாறும். அவர் பேச வேண்டும், உங்கள் நோட்டை வைத்துக்கொண்டு அவரே பேச வேண்டும், இதை முதலில் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பணத்தையும் அதே நாளில் பேசுங்கள். தள்ளிப்போட்டால் கசப்புதான் சேரும். டயப்பர், மருந்து, பிசியோ, உதவியாள் என்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதி யார் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். யாருமே அசையவில்லை என்றால் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-ஆம் ஆண்டு வந்தது. மகன், மகள் இருவருக்குமே பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் மனுக் கொடுக்க வேண்டும். பெற்றவர்களால் முடியாத நிலையில் அவர்கள் சார்பில் இன்னொருவரும் கொடுக்கலாம். அந்த அளவுக்குப் போகாமல் முடிந்தால் நல்லது.

"எனக்கு மட்டும்தான் தெரியும்" என்ற நிலைமையை உடையுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மாவுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் புரையேறாது, எந்தப் பக்கம் தலையணை வைத்தால் தோள் வலிக்காது, முகத்தை எப்படிச் சுளித்தால் மோஷன் வரப்போகிறது, எல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வேறு யாராவது செய்ய வந்தால் "விடுங்க, நானே பார்த்துக்கறேன்" என்பேன். அவர்கள் ஒரு தடவை, இரண்டு தடவை பார்த்துவிட்டு வருவதையே விட்டுவிட்டார்கள். என்னை நானே அந்த அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

ஒரு பெரிய சார்ட் தாளில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன மாத்திரை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா. ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்த்தி வைக்க வேண்டும், உடனே படுக்க வைத்தால் புரையேறும். செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். டயப்பர் அலமாரியில் எந்தத் தட்டு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, 108 உட்பட. இவ்வளவும் சுவரில் இருந்தால் பக்கத்து வீட்டு அக்காகூட ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், மற்றவர்கள் செய்வது உங்கள் அளவுக்கு இருக்காது. தம்பி ஊட்டினால் நைட்டியில் சிந்தும், தலை சீவிவிட்டால் கோணலாக இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத எதையும் திருத்தாதீர்கள். வாயைக் கட்டிக்கொண்டு வெளியே போங்கள்.

உடம்புக்கும் ஓர் எல்லை

தனியாளாகத் தூக்குவதில்லை என்று முடிவெடுங்கள். 60 கிலோ உடம்பைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் தூக்கினால் இடுப்பு போய்விடும், போனால் போனதுதான். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து முதுகிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வைத்துவிடுங்கள், இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைப் பிடித்து மேலே நகர்த்தலாம், திருப்பலாம். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், உட்கார வைக்கும்போது அவர் கால் தரையில் படாது என்றால் மட்டும் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திருப்பும் முறையையும் அவரிடமே ஒரு நாள் உட்கார்ந்து பழகுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அம்மாவின் செக்கப் தேதிக்குப் பக்கத்திலேயே உங்கள் செக்கப் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள். பார்த்துக்கொள்பவர்கள் முதலில் தவறவிடுவது தங்கள் மாத்திரையைத்தான்.

பார்க்க வருபவர்கள்

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிள் பையுமாக நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் மத்தியானம் 2.30-க்கு வந்து நான்கரை வரை உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, "அந்த வைத்தியரிடம் காட்டினீங்களா, இந்த எண்ணெய் போட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகும்போது உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே ஓய்வு நேரம் போயிருக்கும்.

நேரம் சொல்லிவிடுங்கள். "சித்தி, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் அம்மா தூங்குவாங்க, நானும் அப்பத்தான் கண்ணசருவேன், அஞ்சு மணிக்கு மேல வாங்களேன்." இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, வருத்தப்பட்டாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். வைத்திய யோசனைகளுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள், "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யறேன் மாமா" என்று. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், விளக்கினால் வாதம் வளரும். கிளம்பும்போது "எதாவது செய்யணுமா?" என்று கேட்பவரிடம் மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள். மின்கட்டணம் கட்ட வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கோயிலுக்குப் போய்விட்டு வருவேன், இப்படி ஏதாவது ஒன்று தயாராக இருக்கட்டும்.

கட்டிலில் இருப்பவரிடமே சொல்வது

இதுதான் ரொம்பக் கடினம். "நீதான் வேணும், வேற யாரும் வேண்டாம்" என்று அவர் பிடிவாதம் பிடிப்பார், புது ஆள் கையால் சாப்பிட மறுப்பார். கோபமோ வீம்போ என்று நினைக்காதீர்கள், அது பயம். உடம்பு கைவிட்ட ஒருவருக்குப் பழகிய முகம்தான் பிடிமானம். அதனால் சட்டென்று மாற்றாமல், புது ஆளை ஒரு வாரம் உங்கள் பக்கத்திலேயே நிற்கவைத்து, முதலில் தண்ணீர் கொடுப்பது, அப்புறம் ஊட்டுவது, கடைசியாக டயப்பர் என்று படிப்படியாகக் கைமாற்றுங்கள். வெளியே போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். "ஆறு மணிக்கு வந்துடுவேம்மா" என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லுங்கள், சொன்னபடி ஆறு மணிக்கு வாருங்கள். நான்கைந்து தடவை இப்படி நடந்தால் பயம் குறையும்.

வெளியிலிருந்து வரும் கைகள்

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலிநிவாரண சிகிச்சையும் வீட்டிலேயே கொடுப்பது இதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ போய்ப் பெயரைப் பதிந்து கேளுங்கள், கேட்காமல் விட்டவர்கள் நிறைய. சென்னைக்காரர்களுக்கு கிண்டியில் 2024-இல் திறந்த 200 படுக்கை தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோர் தொடர்பான எந்த வழிகாட்டலுக்கும் 14567 என்ற உதவி எண்ணுக்குப் பேசலாம்.

ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் முதல் நாளே வேலைகளை எழுதிக் கொடுங்கள். நோயாளி வேலை மட்டும்தானா, அவர் துணியும் துவைக்க வேண்டுமா என்பதெல்லாம். 24 மணி நேர ஆள் என்றால் அவருக்கும் தூக்கம் வேண்டும், ராத்திரி முறையில் அவரை மட்டும் நிறுத்தினால் நீங்கள் பட்ட பாட்டை இன்னொரு பெண் படுவார், மூன்றாம் வாரம் சொல்லாமல் போய்விடுவார்.

எப்போது உஷாராக வேண்டும்

காரணமில்லாமல் குளியலறையில் அழுகிறீர்கள். சாப்பாடு ருசிக்கவில்லை. திருப்பும்போது கை முரட்டுத்தனமாகப் படுகிறது. கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருக்கத் தோன்றுகிறது. "சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் அவருக்கும் நல்லது" என்ற நினைப்பு வந்து, வந்ததற்காக உங்களையே வெறுக்கிறீர்கள். இந்த நினைப்பு வருகிறவர்கள் மிக அதிகம், வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, அசதி எல்லை தாண்டிவிட்டது என்றுதான் பொருள். அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவரை அடித்துவிடுவோமோ, உங்களையே ஏதாவது செய்துகொள்வோமோ என்று தோன்றினால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் வேறொருவரை அறைக்குள் கூப்பிட்டுவிட்டு வெளியே வந்து அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி நோட்டை எடுத்து மூன்று நாள் எழுதிப் பாருங்கள். நோயாளியின் நிலை மாறும், குழந்தைகளுக்குப் பரீட்சை வரும், அண்ணனுக்கு வேலை மாறும், பழைய பங்கீடு அப்படியே பொருந்தாது.

வெளியே போகிற நாளில் போனை எடுக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அண்ணனின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் முக்கொம்பில் போய் உட்கார்ந்திருந்தேன், நான்கு தடவை போன் வந்தது. நான்கு தடவையும் எடுத்து, "சார்ட்ல பாருங்கண்ணா, மூணாவது வரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டாவது தடவை அவர் முறை வந்தபோது ஒரே ஒரு போன். மூன்றாவது முறை போனே வரவில்லை, எனக்குத்தான் இருப்புக்கொள்ளாமல் எட்டு மணிக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். ரேடியோவில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடினால் அம்மா தானாகவே வாயைத் திறக்கிறார் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். மறுநாளிலிருந்து சார்ட்டில் அதையும் எழுதிச் சேர்த்தோம்.